தாடைப் புனிதரின் வயசு

மழை நாளில் மெழுகு சொன்னபடி கேட்காது. திரியை எத்தனை முறை முக்கித் தூக்கினாலும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் இளைத்து, வியர்த்துப்போய்த் தொங்கும். கோயிலுக்குப் பின்புறச் சந்தில் மெழுகுவத்திப் பட்டறை வைத்திருந்த மெழுகக்காவுக்கு இது தெரியாத விஷயமல்ல. இருந்தாலும் அந்த மழையில் அவள் அடுப்பை அணைக்கவே இல்லை. கை சும்மா இருந்தால் மனசு வேண்டாத இடத்துக்கெல்லாம் போய் நின்றுகொள்கிறது என்று அவளுக்குப் பயம்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கம்பியில் திரி கோத்த வளையங்கள். மூலையில் அடுப்பு, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம், தண்ணீருக்குள் மெழுகுப் பாத்திரம். உள்கதவைத் திறந்தால் வீடு. வீட்டின் ஜன்னலைத் திறந்தால் கோயிலின் பக்கச் சுவரும் மணிக்கூண்டின் அடிப்பாகமும். ஜன்னலோரம் ஒரு மேசை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடி மூடி கவிழ்த்து, அதற்குள் அந்த எலும்பு இருந்தது.

அதுதான் தாடைப் புனிதர். ஆளில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவர் ஒரு படகோட்டி என்றும், வேதத்தை விடமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு ராஜா தலையை வெட்டிக் கடலில் எறிந்தான் என்றும், தாடை மட்டும் கரை ஒதுங்கியபோது அது இன்னும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது என்றும் கதை. எந்த ராஜா, எந்தக் கடல் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேட்டவர்கள் குறைவு. பீடத்துக்குப் பக்கத்தில் சுவர் மாடத்தில், மெழுகுப் படுக்கையில் பதித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் படுக்கை இளகி, தாடை ஒரு பக்கமாகச் சாயும். அப்போது அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து புதுப் படுக்கை ஊற்றிப் பதித்துக் கொடுப்பது அந்த வீட்டாரின் வேலை. மெழுகக்காவின் புருஷன் கோயிலில் மணியடிப்பவர். மணிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும்.

இந்த முறை வெயிலில் சாய்ந்ததை மழையில்தான் எடுத்து வந்தார்கள். தாடையை அலுங்காமல் தூக்கிவிட்டுப் பழைய படுக்கையைப் பார்த்தவள், அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். ஒரே ஒரு பதிவுதான் அதில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல பதிவுகள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, கொஞ்சம் மேலே. ஒரு வாய் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் எப்படிப் பதியுமோ அப்படி.

"பாத்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சருகைக் கையில் கசக்குவதுபோல இருந்தது. மணிக்காரர் எப்போது வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வெயில்ல இளகியிருக்குங்க."

"ஆமா ஆமா. வெயிலு" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் அவர் குரல் மணிக்கூண்டின் மேலிருந்து கூப்பிட்டால் கடைத்தெருவில் கேட்கும். கோயிலில் ஜெபம் தொடங்கி வைப்பதும் அவர்தான். கோடையில் தொண்டை கட்டியது. கட்டியது விடவில்லை. அப்புறம் சோறு இறங்கவில்லை, ரொட்டி இறங்கவில்லை, கஞ்சிக்கு வந்து நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி என்றார்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், பேச்சுதான் இருக்காது. எடுக்காவிட்டால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும் என்றார்கள்.

"பேச்சில்லாம பொழைச்சு நான் யாருக்கு என்ன சொல்லப்போறேன்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தாடை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருடைய இருப்பே ஜன்னலோர மேசைதான். நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். சில சமயம் நிறுத்தி, எதிராளி பேசி முடிக்கக் காத்திருக்கிறவரைப்போலத் தலையாட்டுவார். மெழுகக்கா திரியை முக்கிக்கொண்டே உள்கதவு வழியாக ஓரக்கண்ணால் பார்ப்பாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் அவருடைய தங்கை வந்தாள். அதே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து, நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, பை நிறைய ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்திருந்தாள். அவள் உட்காருவதற்குள் ஃபாதரும் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, விஞ்ஞானம் படித்துவிட்டுச் சாமியாரானவர். மணிக்காரர் படுத்ததிலிருந்து மணியையும் அவரேதான் அடிக்கிறார். அது மணியடிப்பதுபோலவா இருக்கிறது, பாத்திரக்கடை சரிந்ததுபோல இருக்கிறது என்று தெருவே சொன்னது.

"மெழுகக்கா, படுக்கை காஞ்சிருச்சா?"

"எங்க ஃபாதர் காயுது? ஈரக் காத்து. மேல ஆடை கட்டுது, உள்ள கொழகொழன்னு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே கிடக்கட்டும்."

அவள் முட்டையைப் பொரித்து ரொட்டியில் வைத்து ஆளுக்கொரு தட்டு கொடுத்தாள். மணிக்காரருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்த நர்ஸ், தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? டாக்டர் என்னைப் பாக்கும்போதெல்லாம் உன் அண்ணன் எங்கன்னு கேக்கறாரு. நான் எங்க மூஞ்சியை வச்சுக்கறது?"

"இருக்கற எடத்துல வச்சுக்க" என்றார் மணிக்காரர்.

"விளையாடாத. அது வெறும் எலும்பு. சுண்ணாம்பு. அது உன் கட்டியைக் கரைக்காது."

"கரைக்கும்னு நான் எப்ப சொன்னேன்? எனக்குன்னு ஒரு வேலை இருக்காம், பேச்சை விட்டுடாதேன்னுதான் அவர் சொல்றாரு."

ஃபாதர் மென்று கொண்டிருந்ததை விழுங்கினார். "யாரு சொல்றாரு?"

மணிக்காரர் மேசையில் இருந்த தாடையைக் காட்டினார். தன் தாடையால்தான் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

"ஃபாதர், நீங்களாவது சொல்லுங்க" என்றாள் நர்ஸ். "எலும்பு பேசுமா?"

"எலும்பை நம்புங்கன்னு திருச்சபை சொல்லலைம்மா. அது ஒரு ஞாபகம், அவ்வளவுதான். அது நிஜமாவே புனிதரோடதா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, கடவுள் குறைஞ்சு போயிடமாட்டார்."

"அப்ப எதுக்குப் பல்லோட வேர்ல இருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீங்க?" என்றார் மணிக்காரர்.

"ஆயர் இல்லத்துல கேட்டாங்க. என்னன்னே தெரியாம ஜனங்களை முத்தம் கொடுக்க வைக்கறது சரியில்லைன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா ஒண்ணு. அந்தச் சோதனை எலும்புக்கு என்ன வயசுன்னுதான் சொல்லும். யாரோட எலும்புன்னு சொல்லாது."

"வயசு போதும் எனக்கு."

"படுக்கையைப் பாத்தீங்களா ஃபாதர்?" மெழுகக்கா அதுவரை வாயைத் திறக்கவில்லை. மேசைக்கடியிலிருந்து பழைய படுக்கையை எடுத்து வைத்தாள். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

ஃபாதர் விரலால் பதிவுகளைத் தடவிப் பார்த்தார். நர்ஸ் ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். "பகல்ல இளகுது, ராத்திரி இறுகுது. பக்கத்துலயே அவ்வளவு பெரிய மணி. அடிக்கிற அடியில சுவரே அதிருது, தாடை அதிராதா? நீ அடிச்ச மணிதான் அண்ணா அதோட வாயை ஆட்டியிருக்கு."

நல்ல பதில்தான். மெழுகக்காவுக்கே மனசு கொஞ்சம் லேசானது. மணிக்காரர் மட்டும் தங்கையை இரக்கத்தோடு பார்த்தார்.

"புத்திசாலிதான் நீ. மயக்க ஊசி போட்டு என்னைத் தூக்கிட்டுப் போறதுன்னு டாக்டர்கிட்ட யோசனை சொன்னவளாச்சே."

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னு சொன்னியாம். சொல்லிட்டு அழுதியாம்."

அண்ணியின் கையை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "அங்க யாருமே இல்ல அண்ணி" என்று முணுமுணுத்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, "டாக்டர்தான் யார்கிட்டயாவது உளறியிருப்பாரு. அது இங்க வந்திருக்கும். ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்த மழையில் அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை என்பது மெழுகக்காவுக்குத் தெரியும்.

"சரி, ஒரு முடிவுக்கு வருவோம்" என்றார் மணிக்காரர். பேசப் பேசக் குரல் தேய்ந்து, காற்றாக வந்தது. "சோதனை உங்களுது. நீங்களே அனுப்பினது. அது பொய்னு வந்தா, நீங்க சொல்ற எடத்துல கழுத்தை நீட்டறேன். நிஜம்னு வந்தா, ஒருத்தரும் என் தொண்டைப் பக்கம் வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் நர்ஸ், யோசிக்காமல். யோசிக்க என்ன இருக்கிறது? எந்தக் கல்லறையிலோ தோண்டிய எவனோ ஒரு பாவப்பட்டவனின் தாடை அது என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமில்லை. ஃபாதர், "இதெல்லாம் பந்தயம் கட்டற விஷயமில்ல" என்று இழுத்தார். அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மெழுகக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயிலில் அந்தத் தாடையின் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளாமல் பட்டறையைத் திறந்ததில்லை. காய்ச்சல், கடன், பிள்ளையில்லாத ஏக்கம் எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு முதல்முறையாக அதன் முன்னால் நின்று, "நீ பொய்யாப் போயிடு சாமி" என்று வேண்டிக்கொண்டாள். தாடையின் மிச்சப் பற்கள் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாகப் பளபளத்தன. வேண்டுதல் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாட்களில் மணிக்காரருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. படுத்தால் விசில் அடித்தது, அதனால் உட்கார்ந்தே தூங்கினார். மழை விடவில்லை. ஒருநாள் விடியற்காலை வெளிச்சத்தில் அவள் திரி முறுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று காற்றாக வந்த அவருடைய குரல். இன்னொன்று தெளிவான குரல், அவசரமில்லாத குரல். வார்த்தை பிடிபடவில்லை. அவள் கம்பிகளுக்கு நடுவே தொங்கிய வத்திகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மணிக்காரர் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் தாடை. கண்ணாடி மூடியின் உட்புறத்தில் ஆவி படிந்து, ஓர் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. மழை ஈரம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று முற்பகலில் ஃபாதர் ஓடி வந்தார். குடை பிடித்திருந்தும் பாதி நனைந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மெழுகக்கா! ஆராய்ச்சிக்கூடத்துலேருந்து போன் பண்ணாங்க. வயசு பொருந்துது! புனிதர் வாழ்ந்ததாச் சொல்ற காலமும் எலும்போட காலமும் ஒண்ணாவே இருக்கு. நானே எதிர்பாக்கல. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு!"

அவள் கையிலிருந்த வளையம் மெழுகுக்குள் விழுந்து மூழ்கியது. எடுக்கத் தோன்றவில்லை.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்ட..." அப்போதுதான் அவருக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ" என்று மெழுகுப் பாளங்களின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மெழுகக்கா அவர் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பாளங்களைப் பார்த்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது.

"ஃபாதர், அந்த எலும்புல மெழுகு ஊறியிருந்தா அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நான்தான் எழுதிக் கொடுத்தேனே, தேன்மெழுகுல பதிச்சிருந்ததுன்னு. அதைக் கழுவி எடுத்துட்டுத்தான் சோதிப்பாங்க."

"படுக்கை தேன்மெழுகுதான். ஆனா போன கோடைக்கு எலும்பு மயிரிழை மயிரிழையா வெடிப்பு விட்டிருந்துச்சு. உதிர்ந்துடுமேன்னு பயந்து, இந்த வெள்ளை மெழுகைக் காய்ச்சி அதுல முக்கி வச்சேன். திரியை ஊற வைக்கிற மாதிரிதான். குமிழி நிக்கிற வரைக்கும்."

"குமிழி நிக்கிற வரைக்குமா?"

"உள்ள காத்து இருந்தா மெழுகு முழுசா ஏறலைன்னு அர்த்தம். பாதியில எடுத்தா திரி பொரியும்."

"அது திரியா மெழுகக்கா? புனிதர்!" என்று கத்திவிட்டு, உள்ளே மணிக்காரர் இருப்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். வாசல் சார்ப்புக்கடியில் நின்று போனில் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"வெள்ளை மெழுகு பூமிக்கடியில எடுக்கற எண்ணெயிலேருந்து வர்றதாம். அதோட வயசு கோடிக்கணக்குல. எலும்புக்குள்ள அது ஊறியிருந்தா, நேத்து செத்தவனைக்கூடப் பழங்காலத்து ஆளாக் காட்டுமாம். இப்ப வந்த கணக்கை வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதுங்கறாங்க. நிஜமாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேற துணுக்கு எடுத்து, வேற மாதிரிக் கழுவி, மறுபடியும் பாக்கணும். மாசக்கணக்குல ஆகும்."

உள்ளேயிருந்து மணிக்காரரின் மூச்சு விசிலடித்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. நின்ற இடைவெளியில் இரண்டு பேருமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாசக்கணக்கு அவருக்கு இல்ல ஃபாதர்" என்றாள் மெழுகக்கா. "பொய்னு வந்துடுச்சுன்னு சொல்லிடலாம்."

"நான் பொய் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டாம். பக்கத்துல நில்லுங்க."

"நிக்கறதும் பொய்தான்."

"அப்படின்னா அந்தப் பாவத்தையும் சேத்து என் தலையில எழுதச் சொல்லுங்க. என் புருஷன் செத்தப்புறம் அந்த எலும்பு நிஜம்னு தெரிஞ்சா, நான் அதை வச்சு என்ன செய்யறது? என் பக்கத்துல வந்து படுத்துக்குமா அது?" அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "சொல்லுங்க ஃபாதர். படிச்சவர்தானே?"

ஃபாதர் அவள் பின்னால் நடந்தார்.

மணிக்காரர் மேசையோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழை மூட்டத்தில் அறை இருட்டிக்கிடந்தது. தாடை வழக்கமாக ஜன்னலைப் பார்த்திருக்கும். இப்போது வாசற்பக்கம் திரும்பி, உள்ளே வருகிறவர்களைப் பார்த்திருந்தது. அவர்தான் திருப்பி வைத்திருக்க வேண்டும். மெழுகக்கா அதைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தாள்.

"சோதனை முடிவு வந்துடுச்சுங்க."

"ம்."

"பொய்யாம். ரொம்பப் பழசெல்லாம் இல்லையாம். யாரோட எலும்போ." சொல்லி முடித்த கணத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. ஃபாதராக இருக்கும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மணிக்காரர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தரையைப் பார்த்தார். மணிக்காரர் கண்ணாடியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வெளுத்த சட்டை இருக்கா?"

"என்னங்க?"

"சொன்ன சொல்லு சொன்னதுதானே. தங்கச்சியை வண்டி கொண்டாரச் சொல்லு."

அவள் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள், தலையைத் துவட்டினாள், மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள். நர்ஸ் ஒரு வாடகைக் காரோடு வந்து, "நான் சொல்லல? வெறும் எலும்புன்னு!" என்று அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பட்டறையைப் பார்த்துக்கொள்வதாக ஃபாதர் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

நர்ஸ் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் புருஷனும் பெண்டாட்டியும். கார் சந்திலிருந்து வெளியேறிப் பெரிய தெருவில் திரும்பியதும் மழை கூரையில் அறைந்தது. அந்தச் சத்தத்தில் மணிக்காரர் அவள் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"நிஜம்னுதானே வந்துச்சு?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "யாரு சொன்னது?"

"விடியக்காலையிலயே அவர் சொல்லிட்டாரு. 'உன் பெண்டாட்டி வந்து எனக்கு எதிராச் சாட்சி சொல்லுவா. நம்பின மாதிரி காட்டிக்கிட்டு அவ கூடப் போ, கோவிச்சுக்காதே'ன்னாரு."

அவருடைய கை அவள் மடியில் கிடந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோபமா, வெட்கமா, பயமா என்று பிரிக்க முடியாமல் எல்லாம் சேர்ந்து வந்தது. எலும்போ, காய்ச்சலோ, மூச்சுத்திணறலில் வந்த கனவோ, எதுவாக இருந்தாலும் சரி, அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க பொழைச்சுத் திரும்பி வருவீங்கன்னு சொன்னாரா?"

மணிக்காரர் மூச்சை இழுத்தார். அது எங்கோ சிக்கி நின்று, பிறகு இறங்கியது.

"அதைக் கேக்க வாயெடுத்தேன்" என்றார். "நீ உள்ள வந்துட்ட."